‘எண்ட்’ என்றாலே முடிவு இல்லை

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எண்ட்’ (end) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றியவை. வழக்கமாகச் சொல்வதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொல்லைத் தனியாகப் பிய்த்து அனுப்பாதீர்கள். அது வந்த வாக்கியத்தோடு அனுப்புங்கள்.

கே: ‘இன் தி எண்ட்’, ‘அட் தி எண்ட்’ இரண்டும் ஒன்றுதானே? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

இல்லை. ‘அட் தி எண்ட்’ ஓர் இடத்தையோ நேரத்தையோ காட்டும். பெரும்பாலும் பின்னால் ‘ஆஃப்’ வரும். ‘அட் தி எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’ என்றால் தெருக்கோடியில். ‘இன் தி எண்ட்’ என்பது இத்தனை அலைச்சலுக்கும் அப்புறம், கடைசியில் ஒருவழியாக என்பது. மூன்று பஸ் மாறி, மீதி தூரம் நடந்து, ‘இன் தி எண்ட்’ ஊர் போய்ச் சேர்ந்தோம். இதற்குப் பின்னால் ‘ஆஃப்’ போடாதீர்கள்.

கே: எண்ட், பொருள் என்ன? உடனே பதில் தேவை. (ஊர் பெயர் இல்லை)

எந்த வாக்கியத்தில்? கயிற்றுக்கு என்றால் நுனி, தெருவுக்கு என்றால் கோடி, மாதத்துக்கு என்றால் கடைசி, ‘டெட் எண்ட்’ என்றால் முட்டுச்சந்து. அவசரம் உங்களுக்கு இருக்கலாம். வாக்கியம் இல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

கே: ‘ஐ எண்டட் மை ஹோம்வொர்க்’ என்று மகன் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். சரியா? (ஈரோடு)

அடித்தது சரி. செய்துகொண்டிருந்த வேலையை முடித்தால் ‘ஃபினிஷ்’. சண்டையை, உறவை, பேச்சை இத்தோடு போதும் என்று நிறுத்தினால் ‘எண்ட்’.

கே: ‘பை தி எண்ட் ஆஃப் மார்ச்’, ‘அன்டில் தி எண்ட் ஆஃப் மார்ச்’ என்ன வித்தியாசம்? (கணக்கர், சிவகாசி)

முதலாவது மார்ச் கடைசிக்குள். இரண்டாவது மார்ச் கடைசி வரை. பணம் கட்டச் சொல்லும் கடிதத்தில் ‘அன்டில்’ போட்டால், மார்ச் முழுக்கக் கட்டிக்கொண்டே இரு என்று ஆகிவிடும்.

கே: ‘தி எண்ட் ஜஸ்டிஃபைஸ் தி மீன்ஸ்’ என்பதை ‘முடிவு வழியை நியாயப்படுத்தும்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். புரியவில்லை. (போட்டித் தேர்வு எழுதுபவர், மதுரை)

புரியாதது உங்கள் குறை இல்லை. இந்த வரியை அச்சில் பார்த்துக் குழம்பி என்னிடம் கொண்டுவந்த மாணவர்கள் 10 பேராவது இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தமிழில் ‘முடிவு’ ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது: கதையின் முடிவு, தேர்வு முடிவு, நான் எடுத்த முடிவு. ஆங்கிலத்தில் எண்ட், ரிசல்ட், டிசிஷன் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. நான்காவது சுமையையும் அதன் தலையில் ஏற்றினால் படிப்பவர் என்னதான் செய்வார்? இங்கே ‘எண்ட்’ என்பது நோக்கம், எதை அடையப் புறப்பட்டோமோ அது. நோக்கம் நல்லது என்றால் எந்த வழியில் போனாலும் சரிதான் என்பதுதான் அந்த வரி.

காந்தி 1909-இல் எழுதிய ‘இந்திய சுயராஜ்ய’த்தில் இந்த வாதத்தை மறுக்கிறார்: வழி விதை, அடைய நினைப்பது மரம். ஆங்கிலத்தில் அங்கே இருப்பவை ‘மீன்ஸ்’, ‘எண்ட்’. அந்த ‘எண்ட்’டை முடிவு என்று எழுதினால் மரம் பட்டுப்போவதைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடாதா? ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் 1785-இல் சொன்னதும் அப்படித்தான். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, எப்போதும் ‘எண்ட்’டாகவும் நடத்து என்றார். அவருடைய ஜெர்மன் மூலத்தில் இருக்கும் சொல் ‘ட்ஸ்வெக்’. அதன் பொருள் நோக்கம். அதை ‘மனிதனை முடிவாக நடத்து’ என்று பெயர்த்தால் அறம் பேசிய வரி மிரட்டலாக மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் தயவுசெய்து பக்கத்தில் ‘மீன்ஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘நோக்கம்’ என்று எழுதுங்கள். மறுபடியும் அதே பேச்சுதான்: வாக்கியத்தைப் பாருங்கள்.

கே: ‘எண்ட்’டும் நம் ‘அந்த’மும் ஒரே சொல்லா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்)

உறவுதான், ஐயா. ஆதி அந்தம், அந்தாதி என்று நாம் சொல்லும் ‘அந்தம்’ வடமொழி ‘அந்த’விலிருந்து வந்தது. அதற்கும் ஆங்கில ‘எண்ட்’டுக்கும் ஒரே வேர்; இரண்டு மொழிகளும் இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரே மொழிக்குடும்பம். அந்த வேருக்கு நெற்றி, முன்பக்கம் என்று பொருள். எதிரே தெரியும் விளிம்பு நாளடைவில் எல்லையாகி, அப்புறம் கடைசியானது. ஆனால் ஒன்று, ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொற்களுக்கு உறவு கட்டாதீர்கள்.

கே: ‘த எண்ட்’டா, ‘தி எண்ட்’டா? (திருநெல்வேலி)

உயிரொலிக்கு முன் ‘தி’. ஆகவே ‘தி எண்ட்’.

கே: ‘எக்ஸாம் காட் ஓவர்’ என்று சொல்லலாமா? (பள்ளி மாணவர், சேலம்)

நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், பேச்சில் சொல்லுங்கள். விடைத்தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் ‘தி எக்ஸாம் இஸ் ஓவர்’ என்றே எழுதுங்கள்.

கே: ‘இட் ரெய்ன்ட் ஃபார் த்ரீ டேஸ் ஆன் எண்ட்’. மூன்றாம் நாள் முடிவில் மழை பெய்தது என்பதுதானே? (நாகர்கோவில்)

இல்லை. மூன்று நாளும் விடாமல் பெய்தது. வாக்கியத்தோடு அனுப்பினீர்கள், நன்றி.