கறுப்பு வெள்ளையில் அப்பாயி முகம் ஏன் மங்கிப்போகிறது?

கேள்வி: திருவையாறு பக்கம் ஒரு கிராமம். பழைய கேமரா ஒன்றும் 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸும் வைத்திருக்கிறேன். எங்கள் அப்பாயியை வயல் வரப்பிலும் வீட்டு முற்றத்திலும் படம் எடுத்தேன். கலரில் நன்றாகத்தான் இருக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே சாம்பலாகி, நெற்றியில் உள்ள குங்குமம்கூடத் தெரியவில்லை. கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் முகம் கரியாகிறது. படத்தில் ஒரு ‘மூடு’ வர என்ன செய்வது? ஃப்ளாஷ் வாங்க வேண்டுமா?

பதில்: ஃப்ளாஷ் இப்போதைக்கு வேண்டாம், தம்பி. முற்றம் வைத்த வீடு இருக்கும்போது வேறு ஸ்டுடியோ எதற்கு?

முதலில் வயல் படம். பயிரின் பச்சையும் முகத்தின் மாநிறமும் கலரில் தனித்தனியாகத் தெரிவது நிறத்தால்தான். நிறத்தை எடுத்துவிட்டால் வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் மிஞ்சும். அதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கான்ட்ராஸ்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். அதற்குப் பதில், மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருக்கும் ஸ்லைடரைத் தொடுங்கள். பச்சையையும் மஞ்சளையும் இறக்குங்கள். பயிரின் பச்சையில் பெரும்பகுதியை மென்பொருள் மஞ்சளாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் பச்சையை மட்டும் இறக்கினால் போதாது. வயல் கறுத்துப் பின்னால் போக, முகம் முன்னால் வரும்.

குங்குமம் காணாமல் போவதும் இதே கணக்குதான். முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று சிவப்பை ஏற்றியிருப்பீர்கள். பொட்டும் கூடவே வெளுத்திருக்கும். நம் தோல் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடரில் இருக்கிறது. ஆரஞ்சை அப்படியே விட்டுச் சிவப்பை மட்டும் இறக்கிப் பாருங்கள், பொட்டு திரும்ப வரும். சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் எடுத்த படங்களில் பொட்டும் உதடும் கறுத்துத் தெரிவது இதனால்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: முகத்தை வெளுக்க வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. மாநிற முகத்துக்கு உருவம் கொடுப்பது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் மினுமினுப்பு. அதைத் துடைக்கச் சொல்லாதீர்கள்.

இனி முற்றம். நடுமுற்றத்தில் உட்கார வைத்தால் வெளிச்சம் உச்சியிலிருந்து விழும். வயதானவர்களுக்குக் கண் உள்வாங்கி இருக்கும், இரண்டு கண்ணும் குழியாகிவிடும். நாற்காலியைத் தாழ்வாரத்துக்கு இழுங்கள். ஓட்டுச் சரிவு மேல் வெளிச்சத்தைத் தடுத்துவிடும், முற்றத்திலிருந்து பக்கவாட்டில் வருவது மட்டும் மிஞ்சும். அப்பாயி முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்தால் முகம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். சாந்தமாக இருக்கும், சுருக்கங்கள் அவ்வளவாகத் தெரியாது. நாற்காலியை மெல்லத் திருப்பி முற்றம் ஒரு தோள் பக்கம் வரும்படி செய்யுங்கள். மூக்கின் நிழல் நீண்டு கன்னத்து நிழலோடு சேரும். நிழல் விழுந்த பக்கத்தில், கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாய் வெளிச்சம் தங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் பெயரால் வழங்கும் ஒளி அது. அப்புறம் கண்மணியைப் பாருங்கள்: முற்றம் அதில் சிறு பொட்டாக மின்ன வேண்டும். மின்னவில்லையா, முகவாயை வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள்.

மறுபக்கத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலைக் கரைத்துவிடும். அங்கே ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்க விடுங்கள், நிழல் ஆழமாகும். அதே இடத்தில் வெள்ளை வேட்டியைப் பிடித்தால் நிழலுக்குள் காது, தோடு எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். கேட்டீர்களே, அந்த மூடு பெரும்பாலும் இந்தக் கம்பளிக்கும் வேட்டிக்கும் இடையில்தான் இருக்கிறது. நாற்காலியை நகர்த்தாமல் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். முற்றத்தின் விளிம்பை ஒட்டி உட்கார வைத்தால் பின்னால் கூடம் இருண்டு போகும். உள்ளே தள்ளி வைத்தால் முகத்துக்கும் சுவருக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்காது.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட கூடத்தைக் கண்டதும் வெளிச்சத்தை ஏற்றி, கன்னத்தை வெளுத்துப்போகச் செய்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் இறக்கி, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுங்கள். ஃபைல் ‘ரா’வாகவும் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல் வகை) பிக்சர் ஸ்டைல் மோனோகுரோமாகவும் இருக்கட்டும். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ஃபைலில் நிறம் பத்திரமாக இருக்கும்.

ராத்திரியில் எடுக்க ஆசைப்பட்டால் குத்துவிளக்கு போதும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். விளக்கு தரையில் இருந்தால் கீழிருந்து வெளிச்சம் அடித்து முகம் பயமுறுத்தும். முக்காலியில் ஏற்றி, கண் உயரத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் வையுங்கள். கலரில் எல்லாம் மஞ்சளாக வழியும் அந்தத் தொல்லை கறுப்பு வெள்ளையில் இல்லை. சுடர் ஓரடியிலிருந்து இரண்டடி தள்ளிப் போனால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், ஆகவே அரை அடி நகர்த்தினாலும் படம் மாறும். எஃப் 2, 1/60 விநாடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 1600 முதல் 3200 வரை. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பரவாயில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், முந்தானை விளக்குப் பக்கம் போகாமல் ஒருவரை நிற்க வையுங்கள்.

மார்கழிப் பனியில் வரப்புக்குப் போனால் இதெல்லாம் தலைகீழ். தூரத்துத் தென்னை வெளிறி நிற்க, முன்னால் இருப்பவர் மட்டும் அடர்த்தியாகத் தெரிவார். அங்கே கறுப்பை வலிந்து ஏற்றாதீர்கள், எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் கூட்டியே எடுங்கள். பின்னாளில் ஃப்ளாஷ் வாங்கினால் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வைத்து இயக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.