ஜிப்சம் போர்டு சுவரில் கீசர் மாட்டலாமா?

கேள்வி: வயதான என் மாமியாருக்காகப் படுக்கையறையின் ஒரு மூலையை ஜிப்சம் போர்டால் தடுத்துக் குளியலறை ஆக்கியிருக்கிறோம். 15 லிட்டர் கீசர் மாட்ட வந்தவர் துளை போட்டதும் வெள்ளைப் பொடி கொட்டியது. நீளமான ராவல் பிளக் நான்கு அடித்தால் தாங்கும் என்கிறார். மாட்டச் சொல்லலாமா?
– வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: வேண்டாம், அந்த வேலையை இப்போதே நிறுத்திவிடுங்கள். கடையில் தூக்கிப் பார்க்கும்போது ஏழெட்டுக் கிலோவாக இருக்கும் கீசர், 15 லிட்டர் நீர் நிரம்பியதும் 20 கிலோவைத் தாண்டிவிடும். அதன் உடல் சுவரிலிருந்து ஏறக்குறைய ஓரடி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், அந்த எடை கீழ்நோக்கி மட்டும் இழுக்காமல், மேலே உள்ள திருகுகளைச் சுவரைவிட்டு வெளியேயும் இழுத்துக்கொண்டே இருக்கும். ராவல் பிளக் செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் உரியது. திருகு உள்ளே போகப் போக விரிந்து துளையின் பக்கங்களை இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. ஜிப்சத்தில் அது விரிந்தால், நீங்கள் பார்த்த அந்த வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். போர்டின் கனம் பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர், பின்னால் வெற்றிடம். எத்தனை நீளமான பிளக்காக இருந்தாலும் மீதி நீளம் காற்றில்தான் நிற்கும்.

அந்தக் குளியலறையின் ஏதாவது ஒரு பக்கம் வீட்டின் பழைய செங்கல் சுவரோ கான்கிரீட் சுவரோ இருக்குமே, கீசரை அங்கே மாற்றுங்கள். குழாயைச் சில அடி நீட்டும் செலவைப் பார்க்க வேண்டாம். என் வீடாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

அதற்கு வழியே இல்லையென்றால் போர்டைக் கழற்றத்தான் வேண்டும். உள்ளே ஏறத்தாழ இரண்டடிக்கு ஒன்றாக நிற்கும் சேனல்கள் மெல்லிய தகடுகள். போர்டைத் தாங்குவதற்காக வைக்கப்பட்ட அவற்றை மட்டும் நம்பி இந்த எடையைத் தொங்கவிடக் கூடாது. தரையிலிருந்து மேல்தளம் வரை இரண்டு சதுர இரும்புக் குழாய்களை நிறுத்தி, இரு முனைகளையும் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட்டால் இறுக்கி, கீசர் தொங்கும் உயரத்தில் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். கீசரின் போல்ட்டுகள் போர்டைக் கடந்து அந்த இரும்பில் இறங்க வேண்டும். மூடுவதற்குமுன் அளவு டேப்பை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு எங்கே துளை போடுவது என்ற குழப்பம் வராது. குளியலறைக்கு ஈரம் தாங்கும் பச்சைநிறப் போர்டையே போடுங்கள். அதன்மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் அவசியம். கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டும் நீரைத் தனிக் குழாய் வழியாகத் தரைக்குக் கொண்டுவாருங்கள்.

மின் இணைப்பிலும் ஒரு கவனம் வேண்டும். 2000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சரியான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய நான்கும் இருக்க வேண்டும். சேனலில் வெட்டிய துளையின் விளிம்பு கத்திபோல வயரின் உறையைக் கிழித்துவிடும். ஆகவே உள்ளே போகும் வயர் முழுவதும் பி.வி.சி. பைப்புக்குள் இருக்கட்டும்.

மாட்டியபின் நீர் நிரப்பி, சுவிட்சைப் போடாமல் ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்து, மேல்விளிம்பில் சுவரைவிட்டு இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். அதுவரை மாமியாருக்குச் சமையலறையில் காய்ச்சிய வெந்நீரை வாளியில் விளாவிக் கொடுங்கள். இம்மர்ஷன் ராடை அந்தக் குளியலறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.