நியூசிலாந்து எழுத்தாளர் கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டின் ‘பொம்மை வீடு’ கதையில் வரும் சின்ன விளக்குக்கு என்ன அர்த்தம்? வர்க்க வேறுபாடு அதில் எங்கே வருகிறது?

ஆங்கில இலக்கியம் படிக்கிறீர்கள், பரீட்சை நெருங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கைடில் ‘விளக்கு என்றால் நம்பிக்கை’ என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அது போதாமல்தான் இங்கே கேட்டிருப்பீர்கள். எனக்கும் போதவில்லை.

கதை தெரியாதவர்களுக்கு: 1922-ல் வெளிவந்தது. நியூசிலாந்தில் வசதியான பர்னெல் வீட்டுப் பெண் குழந்தைகளுக்குப் பெரிய பொம்மை வீடு ஒன்று பரிசாக வருகிறது. பள்ளித் தோழிகளை இரண்டிரண்டு பேராகக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். வீடு வீடாகப் போய்த் துணி துவைக்கும் பெண்ணின் மகள்கள் லில், எல்ஸ் இருவருக்கு மட்டும் அனுமதி இல்லை. சின்னவள் கெஸியா மீறிக் கூப்பிடுகிறாள். சித்தி பார்த்துவிட்டு, கோழியை விரட்டுவதுபோல் அவர்களை விரட்டிவிடுகிறாள்.

பொம்மை வீட்டுக்குள் இருக்கும் அந்த விளக்கில் எண்ணெய் மாதிரி ஏதோ இருக்கும், ஆனால் ஏற்ற முடியாது என்று கதையிலேயே வருகிறது. எரியாத விளக்கை ‘விடியல், வெளிச்சம்’ என்று எழுதினால் எனக்கு ஒட்டவில்லை. பொம்மை மனிதர்கள்கூட அந்த வீட்டுக்குப் பொருந்தாமல் பெரிதாக விறைத்துக் கிடக்கிறார்கள். விளக்கு மட்டும்தான் அளவாக, அங்கேயே குடியிருப்பதுபோல் இருக்கிறது. பள்ளியில் கெஸியாவின் அக்கா கம்பளம், கட்டில், அடுப்பு என்று பெருமை அளக்கும்போது, விளக்குதான் எல்லாவற்றையும்விட அழகு என்று கெஸியா கத்துகிறாள். யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் வட்டத்துக்கு வெளியே நின்று கடைசிவரை கேட்டவர்கள் லில்லும் எல்ஸும். என் வாசிப்பில், கெஸியா சொன்னதைக் காதில் வாங்கியவள் எல்ஸ் ஒருத்திதான். விரட்டப்பட்டு, ரோட்டோரம் கிடந்த பெரிய வடிகால் குழாய்மேல் உட்கார்ந்து, ‘அந்தக் குட்டி விளக்கை நான் பாத்துட்டேன்’ என்று இலக்கணம் தப்பிய ஆங்கிலத்தில் சொல்கிறாளே, அந்தக் கொச்சையே அவள் யார் என்று காட்டிவிடுகிறது.

அப்புறம், விளக்கையே பார்த்துக்கொண்டு லில்லின் உடுப்பை விட்டுவிடாதீர்கள். அவள் கவுன் பர்னெல் வீட்டுப் பழைய மேஜை விரிப்பில் தைத்தது. அந்த வீட்டுத் துணி அவள் உடம்பில் இருக்கலாம், அவள் மட்டும் அந்த வீட்டு முற்றத்தில் நிற்கக் கூடாது.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததில்லை. நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வளர்ந்தவள். அப்பா தோட்ட வேலை, அம்மா எஸ்டேட் பங்களாவில் பாத்திரமும் துணியும். அந்த வீட்டுப் பெண், பங்களாப் பாப்பா, போர்டிங் பள்ளியில் படித்தாள். அவளுக்குச் சின்னதாகிப் போன அரக்கு நிற ஸ்வெட்டர் எனக்கு வந்தது. இடது மார்பில் பள்ளி பேட்ஜ். அம்மா அதன் நூலை பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். எடுத்த பிறகுதான் தெரிந்தது, ஸ்வெட்டர் முழுக்க வெளுத்திருக்க, பேட்ஜ் இருந்த இடம் மட்டும் கேடய வடிவத்தில் கருஞ்சிவப்பாக அப்படியே இருந்தது. வகுப்பில் யாரிடமும் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் லீவு, காபிப் பழம் எடுக்கிற சீசன். எடை போடும் இடத்தில் நானும் தங்கச்சியும் நின்றோம். பாப்பா வந்து அந்தக் கேடயத்தில் விரலை வைத்து, “இங்க என் பேட்ஜ் இருந்துச்சுல்ல? வா, வீட்ல புதுசு இருக்கு, தரேன்” என்றாள். சத்தியமாகக் குத்திக்காட்டவில்லை, ஆசையாகத்தான் சொன்னாள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். தங்கச்சி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். போனோம். முன்வாசல் படியில் கால் வைத்ததும் ஈரக் கையோடு ஓடி வந்தவர் அம்மா. “பின்னாடி போங்க புள்ள, கண்ணு தெரியல?” பங்களாம்மா அதுவரை வெளியே வரவே இல்லை. கதையிலும் பாருங்கள், கெஸியா கூப்பிட்டதும் முதலில் மறுப்பது லில்தான். நீங்கள் எங்களோடு பேசக் கூடாது என்று உங்கள் அம்மா எங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள் என்கிறாள். மேலே இருப்பவர் போட்ட கோட்டை, வேலை போய்விடுமே என்ற பயத்தில் கீழே இருப்பவரே காவல் காக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பதிலில் இதை எழுதுங்கள்.

பங்களாக்காரர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு முடியாதபோது ராத்திரியில் ஜீப் கொடுத்து சேலத்துக்கு இறக்கியவர்கள் அவர்கள். ‘நியூசிலாந்துக் கதையில் எங்கே சாதி?’ என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கதையில் சாதி இல்லை, தெரியும். ஆனால் துணி துவைப்பவர் மகள் என்று படித்ததும் நம் ஊர் ஞாபகம் வராமல் என்னால் அந்தக் கதையைத் தாண்ட முடியவில்லை.

      

புது பேட்ஜ் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஸ்வெட்டரை எனக்கு அப்புறம் தங்கச்சி மூன்று வருஷம் போட்டாள். அவள் காலத்தில் அந்தக் கேடயமும் வெளுத்து மற்ற இடத்தோடு சேர்ந்துவிட்டது.