உறைக்கவில்லை என்று யார் சொன்னது?

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் உள்ள கோளாறு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு திட்டினாலும் எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோல நிற்கிறான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் சரியாகச் சுரக்காது என்று படித்தேன். எச்சில் பரிசோதனை செய்து பார்க்கலாமா? அதைச் சமன்படுத்த மூலிகை மாத்திரை கொடுக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

பரிசோதனை வேண்டாம். ஏடிஎச்டியை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும் கிடையாது, எச்சில் பரிசோதனையும் கிடையாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிகின்றனவா என்று விசாரித்துத்தான் மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். மாத்திரையை அவர்களைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இவ்வளவுதான்.

கடிதத்தில் என்னைக் குத்தியது அந்த எருமை மாடு. பெற்ற பிள்ளையைப் பற்றி எழுதுகிற வார்த்தையா அது?

நீங்கள் படித்ததில் பாதி உண்மை. ஏடிஎச்டி உள்ள சில பிள்ளைகளுக்கு, குறிப்பாக முரட்டுத்தனமும் சேர்ந்திருப்பவர்களுக்கு, நெருக்கடியில் கார்டிசால் மற்றவர்கள் அளவுக்கு ஏறுவதில்லை என்று சில ஆய்வுகள் கண்டன. கூடவே பதற்றமும் உள்ள பிள்ளைகளிடம் அதிகமாக ஏறியதையும் கண்டிருக்கிறார்கள். ஏடிஎச்டி உள்ள பெரியவர்களிடம் செய்த ஆய்வொன்றில் கார்டிசால் மற்றவர்களுக்கு ஏறிய அளவுதான் ஏறியது. ஆனால் கூடுதலாகத் தவித்ததாக அவர்களே சொன்னார்கள். சுரப்பி ஒன்று சொல்லும், மனசு வேறொன்று படும்.

இன்னொன்று. மூளையின் ஹைப்போதலாமஸில் தொடங்கி, பிட்யூட்டரி வழியாகச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் செய்தி போய்ச் சேர்ந்துதான் கார்டிசால் வரும். அது உச்சத்தைத் தொட 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் திட்டி ஓய்ந்து அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள். அந்த நேரத்தில் அவன் முகத்தை ஒரு நாளாவது போய்ப் பார்த்தீர்களா?

1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில், மனிதரைப் பதற வைப்பதற்கென்றே ஒரு சோதனையை வகுத்தார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத சிலர் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தவறினால் மறுபடியும் 1022. வளர்ந்தவர்கள், சம்மதித்து வந்தவர்கள், அவர்களுக்கே கார்டிசால் எகிறியது.

என் தம்பி இதைத் தினமும் கரும்பலகை முன்னால் அனுபவித்தான். சம்மதம் யாரும் கேட்கவில்லை. கணக்கு பாதியில் நழுவிவிடும், வகுப்பு சிரிக்கும், அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அழமாட்டான். 'தோல் தடித்தவன்' என்று ஆசிரியர் பெயர் வைத்தார். அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். வீட்டிலும் அப்படியே கூப்பிட்டோம்.

இரவு விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள்ளிருந்து கேட்பான்: "அண்ணா, நாளைக்கு முதல் பீரியட் கணக்கா?" ஆமாம் என்பேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்பான். மறதி என்று நினைத்து, "எத்தனை தடவைடா சொல்றது, தூங்கு" என்று அதட்டியிருக்கிறேன்.