டென்யூர் டிராக்: ஆறு வருடம் என்பது உண்மையில் நாலு வருடம்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் டென்யூர் டிராக் (நிரந்தரப் பணிக்கு முந்தைய பரீட்சைக் காலம்) உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. துறை உயிரியல். என் ஆராய்ச்சி பலன் தர எட்டுப் பத்து வருடம் ஆகும். டென்யூர், அதாவது நிரந்தரப் பணி, வாங்கிவிட்டால் அரசாங்க வேலை மாதிரி என்கிறார்கள். கையெழுத்துப் போடும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அரசாங்க வேலை மாதிரிதான், ஆனால் வாங்கிய பிறகு. நம் ஊரில் ப்ரொபேஷன் பெரும்பாலும் சம்பிரதாயம். அங்கே அதுதான் பரீட்சையே. ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரை இப்படிக் காக்க வைக்கக் கூடாது என்று 1940-இல் ஒரு கொள்கை அறிக்கை வந்தது. அதனால் வழக்கமாக ஆறாம் வருடம் பரிசீலனை. இல்லை என்று சொல்லிவிட்டால், இன்னொரு வருடச் சம்பளத்தோடு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அந்த ஆறு வருடமும் முழுதாகக் கைக்கு வராது. ஐந்தாம் வருடம் முடிந்த கோடையிலேயே உங்கள் கோப்பு மதிப்பீட்டுக் கடிதத்துக்காக வெளியூர்ப் பேராசிரியர்களுக்குப் போய்விடும். முதல் வருடம் ஆய்வகம் அமைப்பதிலும் மாணவர் சேர்ப்பதிலும் கரையும். மிச்சம் நாலு.

அந்த வெளியூர்க் கடிதங்கள்தான் பல இடங்களில் கழுத்தைப் பிடிப்பவை. எழுதுபவர் உங்களுடன் சேர்ந்து வேலை செய்தவராக இருக்கக் கூடாது. 'உங்கள் பல்கலைக்கழகத்தில் இவருக்கு டென்யூர் கிடைக்குமா?' என்று நேரடியாகவே கேட்பார்கள். 'நல்ல உழைப்பாளி' என்று யாராவது எழுதினால் அது பாராட்டு இல்லை, சங்கு.

இதில் ஒரு வேடிக்கை. துணிந்து யோசிப்பவரைக் காப்பாற்றப் பிறந்த ஏற்பாடு இது. 1900-இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரின் கருத்துகள் நிறுவனர் ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்காமல் போக, ராஸ் வெளியேற்றப்பட்டார். அந்த மாதிரிச் சம்பவங்களின் தொடர்ச்சியாகத்தான் 1915-இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் சங்கம் உருவானது. அந்த 1940 அறிக்கையும் அதன் பங்கோடு வந்ததுதான். ஆனால் டென்யூருக்கு முந்தைய வருடங்களில் துணிச்சலுக்கு இடம் குறைவு. ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் என்ற கணிதப் புதிரோடு ஆண்ட்ரூ வைல்ஸ் ஏழு வருடம் ரகசியமாக மல்லுக்கட்டினார் என்றால், அப்போது அவர் ஏற்கெனவே பிரின்ஸ்டனில் முழுப் பேராசிரியர். எனவே உங்கள் பத்து வருடத் திட்டத்தை விடவேண்டாம், சிம்மில் வையுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் கட்டுரையாகக் கூடிய துண்டுகளை அதிலிருந்தே வெட்டி எடுங்கள்.

சரி, ஆஃபர் லெட்டர். ஜனவரியில் சேர்ந்தால் டென்யூர் கடிகாரம் எந்த மாதத்திலிருந்து ஓடும், ஆய்வகத் தொடக்க நிதியை எப்போதுக்குள் செலவழிக்க வேண்டும், குழந்தை பிறந்தால் ஒரு வருடம் நீட்டிப்பு உண்டா, இவை எழுத்தில் வரட்டும். துறைத்தலைவரின் வாய்மொழி வாக்குறுதி அவர் பதவி மாறினால் அவரோடேயே போய்விடும். கடந்த பத்து வருடத்தில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை அவரிடம் கேட்காதீர்கள். அங்குள்ள இளைய பேராசிரியர்களிடம் காபி குடிக்கும்போது கேளுங்கள். மாநிலத்தையும் பாருங்கள். விஸ்கான்சின் 2015-இல் டென்யூர் பாதுகாப்பை மாநிலச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. ஃப்ளோரிடாவில் டென்யூர் வாங்கிய பிறகும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசீலனை.

அப்புறம் விசா. பல்கலைக்கழகத்துக்கு எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கல் கிடையாது, நிம்மதி. ஆனால் பாடம் நடத்தும் பேராசிரியருக்கு கிரீன் கார்டில் ஒரு சலுகை வழி உண்டு: உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் பல்கலைக்கழகம் தொழிலாளர் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் ஆள்தேடும் விளம்பரத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க நேரும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கே தெரியும். சேர்ந்த முதல் மாதமே எச்.ஆர். அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள்.