கதிரியக்கப் பொருள்களைச் சேர்ப்பதும் அளப்பதும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய கைக்கடிகாரம், பச்சைக் கண்ணாடிக் கிண்ணம், பெட்ரோமாக்ஸ் மேன்டில் (விளக்கில் வெளிச்சம் தரும் வலைத்துணி) என்று கண்ணில் பட்டதையெல்லாம் கைகர் மீட்டரால் (குழாயில் வந்து படும் கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி) அளந்து பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். இதைப் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள் சேர்ப்பது இதில் இரண்டாம் பட்சம். ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொண்டால், ஒரு பொருளும் வாங்காமலே வருடக்கணக்கில் இதில் மூழ்கிக் கிடக்கலாம்.

கார்த்திக், மதுரை: அண்ணா, புதுசா மீட்டர் வாங்கினேன். ஹாலில் வச்சா நிமிஷத்துக்கு 18 காட்டுது, அப்புறம் 31, உடனே 14. மீட்டர் கோளாறா, இல்ல வீட்டுல ஏதாவது இருக்கா?

இரண்டுமே இல்லை தம்பி. அணுக்கள் கடிகாரம் பார்த்துச் சிதைவதில்லை, தற்செயலாகத்தான் சிதைகின்றன, அதனால் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கத்தான் செய்யும். எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. எண்ணியதன் வர்க்கமூலத்தை எடுங்கள். 20 எண்ணினால் நாலைந்து முன்பின்னாக இருக்கும், ஒரு மணி நேரம் ஓடவிட்டால் 31 ஒரு தடவையாவது தலைகாட்டுவது சகஜம். 100 எண்ணினால் பிழை 10, அதாவது 10 சதவீதம். 10,000 எண்ணினால் பிழை 100, வெறும் 1 சதவீதம். ராத்திரி படுக்கப் போகும்போது மீட்டரை ஓடவிட்டு, காலையில் மொத்த எண்ணிக்கையை நிமிடங்களால் வகுத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் வீட்டின் பின்னணி அளவு, அதாவது எந்தப் பொருளும் வைக்காதபோதே இயற்கையாக வரும் கதிர், அதை நோட்டில் எழுதி வையுங்கள். அது தெரியாமல் வேறு எதை அளந்தாலும் வரும் எண்ணுக்குப் பொருள் கிடையாது.

இன்னொன்று, திரையில் தெரியும் மைக்ரோசீவர்ட் எண்ணை (உடம்பு வாங்கும் கதிர்வீச்சுக்கான அலகு) மீட்டர் நேராக அளப்பதில்லை. கதிரியக்கக் கதிர்களில் மூன்று வகை உண்டு: தோலைக்கூடத் தாண்டாத ஆல்ஃபா, உலோகத் தட்டில் நின்றுவிடும் பீட்டா, அதையும் தாண்டி வரும் காமா. மீட்டரோ, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் வெளியிடும் காமா கதிர்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டு, எண்ணிக்கையை ஒரு மாறிலியால் பெருக்கிக் காட்டுகிறது. காற்றில் பின்னணி பார்க்க அது போதும் (20 எண்ணிக்கைக்கு ஏறக்குறைய 0.13 என்று காட்டும்). ஆனால் பீட்டா கதிர் விடும் பொருளை ஒட்டிவைத்து அளந்துவிட்டு மைக்ரோசீவர்ட் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். பொருள்களை ஒப்பிடும்போது நிமிட எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷாலினி, கோவை: எந்த மீட்டர் வாங்கலாம்? ஆன்லைனில் ரேடியேஷன் மீட்டர்னு ரொம்ப சல்லிசா கிடைக்குதே?

சல்லிசாகக் கிடைப்பதில் பாதி, செல்போன் டவர், மின்கம்பி போன்றவற்றின் மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவிகள். கதிரியக்கத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. விவரக் குறிப்பில் கைகர் குழாய் என்று இருக்கிறதா, குழாயின் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எம்4011, சோவியத் காலத்து எஸ்பிஎம்-20 இரண்டும் ஆரம்பத்துக்கு நல்ல குழாய்கள். இவை பீட்டாவையும் காமாவையும் பிடிக்கும், ஆல்ஃபா இவற்றின் சுவரைத் தாண்டி உள்ளே வராது. ஆல்ஃபாவும் வேண்டுமென்றால் மைக்கா ஜன்னல் வைத்த தட்டைக் குழாய் வேண்டும், விலை பல மடங்கு ஆகும். பொருளுக்குள் எந்தத் தனிமம் இருக்கிறது என்று காமா நிறமாலை எடுத்துப் பார்க்க ரேடியாகோட் மாதிரி படிகம் வைத்த கருவிகள் உண்டு, ஆனால் அதை முதல் கருவியாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

ரஹீம், திருச்சி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம் சார்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்காங்க.

மழையிலிருந்து ஆரம்பியுங்கள். மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு எப்போதும் கசிந்து காற்றில் கலந்துகொண்டே இருக்கிறது. அது சிதைந்து வரும் ஈயம்-214, பிஸ்மத்-214 அணுக்களை மழை கழுவிக்கொண்டு இறங்கும். மழை பிடித்துக் கொஞ்ச நேரத்தில் கார் பானட்டை ஒரு டிஷ்யூவால் நன்றாகத் துடைத்து, மடித்து, தாமதிக்காமல் குழாயின் மேல் வையுங்கள். எண்ணிக்கை பின்னணியைத் தாண்டி ஏறும். பிறகு பத்துப் பத்து நிமிடமாக எண்ணி எழுதுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் பழையபடி பின்னணிக்கே வந்துவிடும். அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) என்று பாடப்புத்தகத்தில் படித்தது நம் கையாலேயே வரைபடத் தாளில் வளைகோடாக இறங்குவதைப் பார்ப்பதற்கு ஈடு இந்தப் பொழுதுபோக்கில் வேறு எதுவும் இல்லை. செலவு ஒரு டிஷ்யூ, மிச்சம் வைக்க வேண்டிய கழிவும் இல்லை.

மழை இல்லாவிட்டால் ஒரு பலூனை ஊதி, தலைமுடியில் தேய்த்து, மூடிய அறையில் முக்கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். அதே ரேடானின் வாரிசுகள் பலூனில் வந்து ஒட்டும். காற்றை இறக்கிச் சுருட்டி அளந்தால் தெரியும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பலூனில் மின்னூட்டம் நிற்காது, அங்கே ஏசி போட்ட அறையில் செய்வதுதான் சரிப்பட்டு வரும்.

அடுத்தது உரக்கடைப் பொட்டாஷ், அதாவது பொட்டாசிய உப்பு. இயற்கைப் பொட்டாசியம் ஒவ்வொரு கிராமிலும் வினாடிக்கு ஏறக்குறைய 31 அணுக்கள் சிதைகின்றன. ஒரு கிலோ பொட்டாஷ் உரம் என்றால் வினாடிக்குப் 15,000 பக்கம் வரும். கேட்கத்தான் பெரிய எண், மீட்டரில் பின்னணியைவிடக் கொஞ்சம்தான் ஏறும், பத்து இருபது நிமிடம் எண்ணினால்தான் வித்தியாசம் நிச்சயமாகத் தெரியும். நம் உடம்புக்குள்ளேயே வினாடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன.

முருகேசன், விருதுநகர்: எங்க அப்பா பந்தல் லைட் வாடகைக்கு விட்டவர். பெட்ரோமாக்ஸ் மேன்டில் பாக்கெட் பழசு கிடக்கு. அதுல கதிரியக்கம் இருக்கும்னு சொல்றாங்களே?

பழசென்றால் பெரும்பாலும் இருக்கும் ஐயா. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891-ல் கண்ட கலவை, தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. இதில் தோரியம்தான் கதிரியக்கப் பொருள். அந்த வெள்ளை வெளிச்சம் இந்தக் கலவையால் வந்ததுதான். இப்போது பல நிறுவனங்கள் கதிரியக்கம் இல்லாத யிட்ரியத்துக்கு மாறிவிட்டன, அதனால் புதுப் பாக்கெட்டை நம்பி வாங்கினால் மீட்டர் அசையாமலும் போகலாம்.

எரிக்காத மேன்டிலை அந்த பிளாஸ்டிக் உறையோடு ஜிப் வைத்த பையில் போட்டு மூடுங்கள். மீட்டரின் மேல் வைத்தால் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போகும். நடுவில் ஒரு தாளைச் செருகுங்கள், மாற்றம் தெரியாது. இரண்டு எவர்சில்வர் தட்டைச் செருகுங்கள், சடாரென்று இறங்கும், ஏனென்றால் பீட்டா தட்டில் நின்றுவிடும். தாண்டி வருவது பெரும்பாலும் காமா. அப்புறம் தட்டை எடுத்துவிட்டு மீட்டரை ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஒரு முழம் தள்ளி வையுங்கள், எண்ணிக்கை எப்படி விழுகிறது என்று எழுதுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் பின்னணியிலிருந்து பிரித்தே பார்க்க முடியாது.

பல வருடம் வைத்திருந்து அளப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. தாதுவிலிருந்து தோரியத்தைப் பிரிக்கும்போது தோரியம் சிதைந்து உண்டாகியிருந்த ரேடியம்-228 விலகிப்போகிறது. அதனால் புது மேன்டிலின் கதிரியக்கம் முதல் சில வருடம் குறையும், பிறகு ரேடியம் மறுபடி சேரச் சேர மெல்ல ஏறும். உங்கள் அப்பா காலத்துப் பாக்கெட் இந்நேரம் ஏறி முடிந்த நிலையில் இருக்கும்.

எரிந்த மேன்டிலைத் தொடாதீர்கள். தொட்டால் மாவாக உதிரும், அந்தத் தூள் மூக்கில் போகக் கூடாது. ஆல்ஃபா வெளியே இருந்தால் தோலைக்கூடத் தாண்டாது, நுரையீரலுக்குள் உட்கார்ந்தால்தான் கெடுதல். இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான ஆபத்து என்று நான் நினைப்பது தூள் ஒன்றைத்தான்.

ஜெபா, நாகர்கோவில்: மணவாளக்குறிச்சி மணலைக் கொஞ்சம் பாட்டிலில் எடுத்து வைக்கலாமா அண்ணா? அங்கே குடியிருக்கிறவங்களுக்கு ஆபத்தா?

எடுக்காதீர்கள். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சியின் மணலில் இருக்கும் மோனசைட் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அணுக் கனிமம். உரிமம் இல்லாமல் எடுப்பது, வைத்திருப்பது, விற்பது எதுவும் கூடாது, ஒரு பாட்டில்தானே என்று நினைக்க வேண்டாம். ஆனால் அளப்பதற்கு நம் நாட்டில் அதைவிட நல்ல இடம் குறைவு. கருமணல் பட்டையாகப் படிந்த இடத்தில் தரையை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பத்தடி தள்ளி வெள்ளை மணலில் பிடித்துப் பாருங்கள். கருப்பாகத் தெரிவது இல்மனைட், சிவப்பு கார்னெட், அவற்றோடு கலந்திருக்கும் தேன் நிறப் பொடிமணிதான் மோனசைட். தோரியம் அதில்தான் இருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். அப்போது உலகத்துக்கே மேன்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை வந்ததும் அதனால்தான்.

குடியிருப்பவர்கள் பற்றி: இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

பிரபு, சென்னை: தாத்தாவோட சுவிஸ் வாட்ச், முள்ளுல பச்சையா பூசியிருக்கு. இப்ப இருட்டுல ஒளிரல. அப்போ கதிரியக்கம் தீர்ந்துபோச்சா?

தீரவில்லை. செத்துப்போனது துத்தநாக சல்பைடு, அதாவது ஒளிரும் பொருள். அதைத் தூண்டிக்கொண்டிருந்த ரேடியம்-226-க்கு அரை ஆயுள் 1,600 வருடம், தாத்தா வாங்கிய நாளில் இருந்தது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. டயலின் அடியில் சின்ன எழுத்தில் ஆங்கில ‘டி’ போட்டிருந்தால் அது டிரிட்டியம், அரை ஆயுள் 12 வருடம்தான், அதன் பீட்டா கண்ணாடியைத் தாண்டாது, மீட்டரிலும் தெரியாது. ரேடியம் என்றால் மீட்டர் உடனே சொல்லிவிடும்.

வைத்துக்கொள்ளலாம், ஆனால் பின்மூடியையோ கண்ணாடியையோ திறக்காதீர்கள். பழைய பூச்சு காய்ந்து, லேசாகத் தட்டினாலே உதிரும். பழுதுபார்க்கக் கொடுத்தால் டயலில் இருப்பது ரேடியம் என்று கடைக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவர் நாள் முழுக்க அதற்கு மேல் குனிந்து ஊதி ஊதி வேலை செய்பவர். முதல் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டயலுக்கு வர்ணம் பூசிய இளம்பெண்களை, தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லியே பழக்கினார்கள். பலர் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். உள்ளே போன ரேடியத்தைக் கால்சியம் என்று எடுத்துக்கொண்டு எலும்பு சேர்த்துவைத்துவிடும். அவர்களில் சிலர் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. பழைய ரேடியம் கடிகாரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும்.

நாலைந்து கடிகாரம் சேர்ந்துவிட்டால் படுக்கையறை பீரோவில் வைக்க வேண்டாம், ரேடான் கசியும். காற்றோட்டமான இடம் பாருங்கள்.

சுதா, ஈரோடு: பைக்ல ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கர்?

அதில் ரேடியம் துளியும் இல்லை. வண்டி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாதாரணத் தாள்.

மீனாள், காரைக்குடி: எங்க பக்கத்துப் பழம்பொருள் கடைகளில் பச்சைக் கண்ணாடிச் சாமான் நிறைய வருது. யுரேனியக் கண்ணாடின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுல தண்ணி குடிக்கலாமா?

கடைக்குப் போகும்போது சின்னப் புற ஊதா டார்ச் ஒன்று கொண்டு போங்கள், 365 நானோமீட்டர் என்று போட்டதாக இருந்தால் நல்லது. யுரேனியம் இருந்தால் கண்ணாடி முழுவதும் பளீரென்று பச்சையாக எரியும். மாங்கனீஸ் கலந்ததும் மங்கலாகப் பச்சை காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். முடிவாகச் சொல்ல வேண்டியது மீட்டர்தான். அந்த ஒளிர்வு யுரேனியத்தின் வேதியியல் குணம், கதிரியக்கத்தால் வருவது இல்லை. பெரும்பாலான சாமானில் யுரேனியம் எடையில் 2 சதவீதத்துக்குள்தான் இருக்கும், அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதில் ஒரு பயமும் இல்லை. குடிக்க வேறு டம்ளரா இல்லை? அதில் ஊற்ற வேண்டாம். அமெரிக்க ஃபியஸ்டா பீங்கானின் பழைய ஆரஞ்சு-சிவப்புத் தட்டு கிடைத்தால் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். அதன் மெருகிலேயே யுரேனியம் இருக்கிறது, புளிப்புப் பட்டால் கரையும், நம் சாப்பாட்டில் புளி இல்லாதது எது?

அருண், சென்னை: பழைய சூப்பர் டக்குமார் 50 எம்எம் கேமரா லென்ஸ் மஞ்சளா இருக்கு. இதுவும் கதிரியக்கமா?

எஃப் 1.4 என்றால் அதில் தோரியம் கலந்த கண்ணாடி வந்திருக்கும். பல வருடக் கதிர்வீச்சில் கண்ணாடியே மஞ்சளாகிவிடும். புற ஊதா விளக்கின் கீழே சில நாள் வைத்தால் தெளியும். படம் எடுக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம், கண்ணாடியை மட்டும் தேய்த்து மெருகேற்றாதீர்கள்.

வசந்தி, சேலம்: எதிர்மின் அயனி டாலர்னு ஒருத்தர் வித்தார். சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் போகும்னு கழுத்துல போடச் சொன்னார். உங்க மீட்டர்ல வச்சுப் பார்த்திருக்கீங்களா?

பார்த்திருக்கிறேன் அம்மா, சில டாலர்கள் மேன்டிலைப் போலவே மீட்டரைக் கத்த வைக்கும். தோரியம், யுரேனியம் உள்ள கனிமப் பொடியைப் பிசைந்து அச்சு வார்த்து விற்கிறார்கள். நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் இப்படிப்பட்ட 10 பொருள்களைப் பெயர் சொல்லி, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அவற்றில் குழந்தைகள் போடும் வளையமும் இருந்தது. இரவும் பகலும் ஒரே இடத்தில் தோலை உரசிக்கொண்டிருப்பது பெட்டியில் வைத்து அளப்பதைப் போன்றது அல்ல. நோய் எதுவும் இதனால் தீராது. தயவுசெய்து கழற்றிவிடுங்கள், சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்தியிருந்தால் நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தினேஷ், ஓசூர்: காயலான் கடையில பழைய புகை அலாரம், வெல்டிங் டங்ஸ்டன், மருத்துவமனைச் சாமான்லாம் கிடைக்குது அண்ணா. வாங்கலாமா?

சிவப்பு முனை வெல்டிங் கம்பியில் 2 சதவீதம் தோரியம் உண்டு. முழுக் கம்பியாக வைத்து அளக்கலாம், கல்லில் தீட்டாதீர்கள். தினமும் தீட்டும் வெல்டர் நண்பர்கள் இருந்தால் லாந்தனம் கலந்த கம்பிக்கு மாறச் சொல்லுங்கள். புகை அலாரத்தில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் சின்னப் பொத்தானாக இருக்கும், அதைப் பிரித்தெடுக்க வேண்டவே வேண்டாம்.

மருத்துவமனை, தொழிற்சாலைச் சாமான் பக்கமே போகக் கூடாது. 1987-ல் பிரேசிலின் கொயானியாவில், கைவிட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்த கருவியை உடைத்துக் காயலான் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம் பொடி நீலமாக ஒளிர்ந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வீடு வீடாகப் பகிர்ந்துகொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுக் குழந்தை. 2010-ல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவியை உடைத்தபோது கோபால்ட்-60 வெளியே வந்து ஒருவர் இறந்தார். கனத்த ஈய உருளை, கதிரியக்க எச்சரிக்கைக்கான மூன்றிதழ்ச் சின்னம், தூரத்திலேயே எகிறும் மீட்டர், இதில் எதைக் கண்டாலும் தொடாமல் விலகி வந்து போலீஸுக்குச் சொல்லுங்கள். அங்கே நின்று அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

கார்த்திக் மறுபடி: விமானத்தில் மீட்டர் கொண்டுபோகலாமா?

மீட்டரைக் கைப்பையில் வைத்து, கேட்டால் காட்டுங்கள். சேகரித்த பொருள் எதையும் கொண்டுபோகாதீர்கள். மேலே ஏறும்போது பீப் சத்தத்தை அணைத்துவிட்டுப் பதிவை மட்டும் ஓடவிடுங்கள். 10 கிலோமீட்டர் உயரத்தில் தரையைவிடப் பத்து மடங்குக்கு மேல் காட்டும், விண்வெளியிலிருந்து வரும் கதிர் அது. சென்னை–சிங்கப்பூர் போகும்போது ஒன்றும், ஐரோப்பாவுக்குப் போகும்போது ஒன்றும் பதிந்து ஒப்பிட்டால், வடக்கே போகப் போக எண்ணிக்கை கூடுவது தெரியும். பூமத்திய ரேகை அருகே பூமியின் காந்தப்புலம் அந்தக் கதிர்களை அதிகம் தடுக்கிறது. பதிவு கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள் தம்பி, உயரத்தையும் நேரத்தையும் சேர்த்து எழுதி.