இன்குபேட்டர்ல 18 நாள் வரைக்கும் நல்லா இருந்த கோழிமுட்டை கடைசில பொரியாம போகுதே, ஈரப்பதம்தான் காரணமா?

பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும், ஆனா ஈரம் பத்தலன்னு நினைச்சு எல்லாரும் முதல் நாள்லேர்ந்தே தண்ணிய ஊத்தி ஊத்தி வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனையே. முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளை ஆயிரக்கணக்குல இருக்கு, அது வழியா தண்ணி ஆவியாகி வெளிய போயே ஆகணும், அப்பதான் அகலமான முனைல காத்தறை பெருசாகும், குஞ்சு முதல் மூச்ச அந்தக் காத்தறைலதான் இழுக்கும். ஈரம் அதிகமானா காத்தறை சின்னதாவே நின்னுடும், ஓட்ட உடைக்கறதுக்கு முன்னாடியே குஞ்சு உள்ள மூச்சு முட்டி செத்துடும்.

முதல் 18 நாள் 45-55 சதவீதம் போதும், அப்புறம் 65-70க்கு ஏத்துங்க. மீட்டர மட்டும் நம்பாம முட்டைய எடை போட்டுப் பாருங்க, 60 கிராம் முட்டை 18 நாள்ல ஏறக்குறைய 7 கிராம் குறைஞ்சிருக்கணும். ரொம்ப கம்மியா குறைஞ்சா தண்ணிய குறைங்க, அதிகமா குறைஞ்சா கூட்டுங்க. தண்ணி ஆழமா இருந்து பிரயோஜனம் இல்ல, தட்டு அகலமா இருந்தாதான் ஈரம் ஏறும்.

கடைசி 3 நாள் மூடிய திறக்கவே திறக்காதீங்க (கை அரிக்கத்தான் செய்யும்!), திறந்தா ஈரம் சட்டுனு இறங்கி உள்சவ்வு காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கும், அப்புறம் அதால திரும்பி ஓட்ட வெட்டவே முடியாது.

மலிவான மீட்டரா இருந்தா லேசா நனைச்ச உப்போட ஒரு காத்துப்புகாத டப்பால ராத்திரி முழுக்க வைங்க, 75 காட்டணும், 70 காட்டினா உங்க மீட்டர் 5 கம்மியா காட்டுதுன்னு அர்த்தம்.